அறிவுரையும் ஆணையும்: குடியாட்சிகளில் தலைவரும் தலைமை அமைச்சரும்

குடியாட்சி நாடுகளின் அரசியல் அமைப்புக்களை ஒப்பிட்டு ஆராயப் புகுவார் முதற்கண் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு பதவிப் பெயர்களால் விளைவதாகும். ஒரே பெயர் தாங்கிய பதவி ஒரு நாட்டில் ஆட்சியின் உயிர்நிலையாகவும், பிறிதொரு நாட்டில் ஆட்சிக்கு அணிகலனாகவும் அமைகின்றது. இந்தியத் தலைவரும் அமெரிக்கத் தலைவரும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாற் சுட்டப்பெறுகின்றனர். தமிழ் வழக்கோ இவ்வேறுபாட்டை ஓரளவு உணர்ந்து நடந்துள்ளது. நம் நாட்டின் தலைவரைக் 'குடியரசுத் தலைவர்' என்றும், அமெரிக்கத் தலைவரை 'அதிபர்' என்றும் நம் செய்தித்தாள்கள் வழங்குகின்றன. இலங்கைத் தமிழர் தம் நாட்டுத் தலைவரைச் 'சனாதிபதி' என்பர். 'அதிபர்' என்னும் சொல் அவர் வழக்கில் பள்ளித் தலைமை ஆசிரியரைக் குறித்து நிற்கும். 1937ஆம் ஆண்டில் சென்னை மாகாண அமைச்சரவைக்குத் தலைமை பூண்ட இராசகோபாலாச்சாரியார் அந்நாளில் 'பிரீமியர்' எனப்பட்டார். அப்பதவிக்கு நிகரான இன்றைய பதவியின் பெயர் 'முதலமைச்சர்' என்பது. பெயர்களைக்கொண்டு அதிகாரத்தை அளத்தல் இயலாது என்பதற்கு இவையே சாலும்.

பெயர்களை விடுத்து, இவ்விரு பதவிகளையும் இணைக்கும் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு ஆராய்தல் பயனுடைத்து என்பது எம் கருத்து. அச்சொல் 'அறிவுரை' என்பது. அமைச்சரவையின் அறிவுரைப்படி குடியரசுத் தலைவர் செயற்படுவார் என்று நம் பாடநூல்கள் கூறுகின்றன. 'ஆலோசனை' என்று எழுதுவாரும் உளர். இத்தொடரைப் பயிற்றும்பொழுது முதுகலை மாணாக்கர் ஒருவர் எம்மை வினவினார்: 'அறிவுரை என்பது கேட்பவன் கொள்ளவும் தள்ளவும் உரிமையுள்ளது அன்றோ? தள்ளவியலாதது அறிவுரை ஆகுமா?' அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. ஐந்து நாடுகளில் இச்சொல் பெற்ற பொருள் வேறுபாடுகளைக் காண்பதன்வழி, தலைவர்க்கும் தலைமை அமைச்சர்க்கும் உள்ள தொடர்பின் வரலாற்றைத் தெளியலாம் என நம்புகின்றோம்.

1. சொல்லும் பொருளும்

மாணாக்கர் கொண்ட பொருளே தமிழ் மரபிற்கு இயைந்த பொருள் என்பதில் ஐயமில்லை. புறத்திணைத் துறைகளுள் 'செவியறிவுறூஉ' என்பது அரசன் செவியில் அறம் புகுமாறு சான்றோர் உரைப்பதைக் குறிக்கும். பாண்டியன் அறிவுடைநம்பிக்கு வரி கொள்ளும் முறையை எடுத்துரைத்த பிசிராந்தையாரின் புறப்பாட்டு (184) இத்துறையினதே. புலவர் உரைத்தார்; கொள்வதும் கொள்ளாததும் வேந்தன்பாற் பட்டது. வள்ளுவரும் அமைச்சு என்னும் அதிகாரத்தில், அரசன் தானும் அறியாது பிறர் கூறுவதையும் ஏலாதவனாயினும், அவனுக்கு நன்மையை வற்புறுத்திக் கூறுதல் அமைச்சன் கடமை என்பர். பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில், கடிந்துரைப்பாரைத் துணையாகப் பெறாத வேந்தன் பகைவர் இல்லாவிடினும் அழிவான் என எச்சரிப்பர்.

இவற்றால் இரு செய்திகள் போதரும். ஒன்று, ஆள்பவன் வேறு, அறிவுறுத்துபவன் வேறு. மற்றொன்று, அறிவுரைக்கு அறத்தின் வலிமை உண்டேயன்றிச் சட்டத்தின் வலிமை இல்லை. இக்கால நாடாளுமன்ற ஆட்சி இவ்விரண்டனையும் தலைகீழாக மாற்றிற்று. அம்மாற்றம் முதலில் நிகழ்ந்த இடம் இங்கிலாந்து.

2. இங்கிலாந்து: அறிவுரை ஆணையானமை

இங்கிலாந்தில் தலைமை அமைச்சர் பதவியை எச்சட்டமும் படைத்திலது. 1721 முதல் 1742 வரை கருவூலத்தின் முதன்மை வகித்த இராபர்ட்டு வால்போலை முதல் தலைமை அமைச்சர் என வரலாற்றாசிரியர் கொள்வர். அந்நாளில் அப்பெயர் பெருமைக்குரியதாக வழங்காது, மன்னனுக்குரிய இடத்தைக் கவர்ந்துகொண்டான் என்று பழிக்கும் பெயராகவே வழங்கிற்று. பொதுமக்கள் அவையில் ஆதரவு குன்றியபொழுது வால்போல் பதவி விலகினார். மன்னனின் விருப்பம் மட்டும் ஓர் அமைச்சரைத் தாங்கி நிறுத்தாது என்பது அன்று புலனாயிற்று. இப்பதவி நாட்டின் முன்னுரிமை வரிசையில் முறையாக இடம்பெற்றது 1905ஆம் ஆண்டிலேதான்.

மன்னரின் அதிகாரம் ஒரு நாளில் பறிக்கப்பட்டதன்று, பயன்படுத்தப்படாமையால் தேய்ந்ததாகும். நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்திற்கு இசைவு மறுத்த இறுதி நிகழ்ச்சி 1708இல் ஆன் அரசியார் காலத்தது. நான்காம் வில்லியம் 1834இல் மெல்போர்ன் அமைச்சரவையை விலக்கிப் பீலை அமர்த்தினார். அடுத்த ஆண்டே பீல் பொதுமக்கள் அவையில் தோல்வியுற, மெல்போர்ன் மீண்டும் அமைச்சரானார். மன்னர் தம் விருப்பால் ஓர் அமைச்சரவையை நீக்கியது அதுவே இறுதி.

இதன் காரணம் யாது? மன்னர் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் ஓர் அமைச்சர் அவையில் விடை கூறவேண்டும் என்னும் முறை வேரூன்றியது. விடை கூறவேண்டியவர் ஒருவர், முடிவு செய்பவர் மற்றொருவர் என்னும் நிலை நெடிது நில்லாது. பொறுப்புச் சென்ற வழியே அதிகாரமும் சென்றது. அமைச்சர் மன்னருக்குக் கூறியது பெயரளவில் அறிவுரையாகவே இருந்தது, பொருளளவில் ஆணையாயிற்று. மன்னருக்கு எஞ்சியது யாது என்பதை வால்ட்டர் பாசட்டு 1867இல் வெளியிட்ட ஆங்கில அரசியல் அமைப்புப் பற்றிய நூலில் வரையறுத்தார். அமைச்சர் தம்மைக் கலந்துகொள்ளுமாறு எதிர்பார்த்தல், ஊக்குதல், எச்சரித்தல் ஆகியனவே மன்னரின் உரிமைகள் என்பது அவர் கொள்கை. அஃதாவது, பிசிராந்தையாரின் இடத்திற்கு மன்னர் வந்து சேர்ந்தார். அறிவுடைநம்பியின் இடத்தில் அமைச்சர் அமர்ந்தார்.

3. அமெரிக்கா: அறிவுரை மறைந்து இசைவு நின்றமை

இங்கிலாந்தின் ஆட்சியினின்று பிரிந்த அமெரிக்கர் 1787இல் பிலடெல்பியாவில் கூடித் தம் அரசியல் அமைப்பை வகுத்தபொழுது, வேறொரு வழியை மேற்கொண்டனர். ஆட்சி அதிகாரம் முழுவதையும் ஒரு தலைவரிடம் ஒப்படைத்து, அவர்க்கு நான்காண்டு என்னும் உறுதியான காலத்தை வரையறுத்தனர். சட்டமன்ற உறுப்பினர் எவரும் அப்பதவியில் இருந்துகொண்டே ஆட்சிப் பதவி வகித்தல் ஆகாது என்றும் விதித்தனர். ஆகவே அந்நாட்டில் தலைமை அமைச்சர் என ஒருவர் தோன்றுதற்கு இடமே இல்லை.

ஆயினும் அறிவுரை என்னும் சொல் அந்நாட்டு அமைப்பிலும் இடம்பெற்றுள்ளது. செனட்டு அவையின் அறிவுரையோடும் இசைவோடும் தலைவர் உடன்படிக்கைகளைச் செய்வார் என்பது அதன் விதி. முதல் தலைவர் வாசிங்டன் 1789 ஆகத்தில், செவ்விந்திய இனத்தவரோடு செய்யவிருந்த உடன்படிக்கை பற்றி அறிவுரை பெற அவ்வவைக்குத் தாமே சென்றார். உறுப்பினர் உடனே விடை கூறாது காலம் வேண்டினர். தலைவர் மனம் கசந்து மீண்டார். அதன் பின்னர் அவ்வாறு அறிவுரை கேட்க அவர் நேரிற் சென்றிலர். இங்ஙனம் அறிவுரை வழக்கொழிய, இசைவு மட்டும் நின்றது. அவ்விசைவும் வெற்றுச் சடங்கன்று. முதல் உலகப் போரின் முடிவில் வில்சன் தாமே முன்னின்று உருவாக்கிய வெர்சேல்சு உடன்படிக்கையைச் செனட்டு அவை 1919இலும் 1920இலும் ஏற்க மறுத்தமை அறியற்பாலது.

அமெரிக்கத் தலைவரை இடைக்காலத்தில் அகற்றுதல் அரிது. பெருங்குற்றச்சாட்டு ஒன்றினால் மட்டுமே அகற்றலாம். அதற்குச் செனட்டு அவையில் மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும். 1868இல் ஆண்ட்ரூ சான்சன் ஒரே வாக்கினால் தப்பினார். 1999இல் கிளிண்டனும், 2020இலும் 2021இலும் டிரம்ப்பும் அவ்விசாரணையில் விடுவிக்கப்பெற்றனர். 1974இல் நிக்சன் விசாரணைக்கு முன்னரே பதவி துறந்தார். ஈண்டு ஆட்சிக்கு நிலைபேறு மிகுதி. நாள்தோறும் விடை கூறும் கடப்பாடு குறைவு. இங்கிலாந்திலோ கடப்பாடு மிகுதி, காலவரையறை உறுதியற்றது. இவ்விரு முனைகளையும் இணைக்க முயன்ற நாடு பிரான்சு.

4. பிரான்சு: ஒரே சட்டம், இரு வேறு ஆட்சிகள்

பிரான்சின் மூன்றாங் குடியரசு 1875ஆம் ஆண்டுச் சட்டங்களால் உருவாயிற்று. அச்சட்டங்கள் தலைவர்க்கு விரிந்த அதிகாரங்களை நல்கின. 1877 மே 16ஆம் நாள் தலைவர் மக்மாகன், அவையின் ஆதரவு பெற்றிருந்த அமைச்சர் சூல் சிமோனைப் பதவி விலகச் செய்தார். பின் அவையையும் கலைத்தார். அக்டோபர்த் தேர்தலில் மக்கள் குடியரசுக் கட்சியினர்க்கே பெரும்பான்மை அளித்தனர். மக்மாகன் பணிந்தார், 1879 சனவரியில் பதவி துறந்தார். அவர்க்குப் பின் வந்த தலைவர் எவரும் அக்குடியரசு 1940இல் வீழும்வரை அவையைக் கலைத்திலர். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதிகாரமோ தலைவரிடமிருந்து அவைக்குச் சென்றுவிட்டது. அவையின் கட்சிப் பூசல்களால் அமைச்சரவைகள் அடிக்கடி கவிழ்ந்தன. 1946இல் தோன்றிய நான்காங் குடியரசு பன்னிரண்டு ஆண்டுகளில் இருபதுக்கு மேற்பட்ட அமைச்சரவைகளைக் கண்டது.

1958இல் தெ கோல் வகுத்த ஐந்தாங் குடியரசு இக்குறையைக் களைய எழுந்தது. 1962 அக்டோபர் 5ஆம் நாள் பொம்பிதூ அமைச்சரவைமீது கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. தெ கோல் அவையைக் கலைத்ததோடு, தலைவரை மக்களே நேரில் தேர்ந்தெடுக்கும் திருத்தத்தைப் பொதுவாக்கெடுப்பிற்கு விட்டு வெற்றியும் பெற்றார். அது முதல் பிரான்சில் மக்கள் வாக்கின் வலிமை பெற்ற தலைவர் ஒருவர், அவையின் நம்பிக்கையை வேண்டி நிற்கும் தலைமை அமைச்சர் ஒருவர் என இருவர் விளங்குகின்றனர்.

இவ்விருவருள் ஆள்பவர் யாவர்? நாட்டின் கொள்கையை அமைச்சரவையே வகுக்கும் என்பது சட்டம். தலைமை அமைச்சரைத் தலைவர் தாமே நீக்கலாம் என்று சட்டம் கூறவில்லை; அமைச்சர் விலகல் மடல் அளித்தால் ஏற்கலாம் என்றே கூறுகின்றது. ஆயின் 1972இல் சாபான் தெல்மா அவையில் நம்பிக்கை வாக்கைப் பெரும்பான்மையோடு பெற்றுச் சில கிழமைகளே சென்றபின், தலைவர் பொம்பிதூவின் விருப்பத்திற்கிணங்கப் பதவி விலகினார். மக்களின் பேராளர் நம்பிய அமைச்சர், தலைவர் நம்பாமையால் வீழ்ந்தார்.

1986இல் காட்சி மாறிற்று. தேர்தலில் எதிர்க்கட்சியினர் பெரும்பான்மை பெறவே, தலைவர் மித்தரான் தம் எதிரணியினரான சிராக்கைத் தலைமை அமைச்சராக்க நேர்ந்தது. அவ்வாண்டு சூலையில், அரசுடைமை நிறுவனங்களைத் தனியார்க்கு மாற்றும் அவசரச் சட்டங்களில் ஒப்பமிட மித்தரான் மறுத்தார். சிராக்கு அதனையே நாடாளுமன்றத்தின்வழிச் சட்டமாக நிறைவேற்றிக் கொண்டார். தலைவரால் தாழ்த்த முடிந்தது; தடுக்க முடிந்திலது. இத்தகைய இணைவாழ்வு 1993 முதல் 1995 வரையிலும், 1997 முதல் 2002 வரையிலும் மீண்டும் நிகழ்ந்தது. இதனைத் தவிர்க்கும் எண்ணத்தோடு தலைவரின் பதவிக்காலம் 2000ஆம் ஆண்டு வாக்கெடுப்பால் ஏழாண்டிலிருந்து ஐந்தாண்டாகக் குறைக்கப்பெற்றது. ஆயினும் 2024 சூனில் அவையைத் தலைவர் மக்ரோன் கலைத்தபின் எவ்வணிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. அவ்வாண்டு திசம்பர் 4ஆம் நாள் பார்னியே அமைச்சரவை கண்டனத் தீர்மானத்தால் வீழ்ந்தது. 1962க்குப் பின் அவ்வாறு வீழ்ந்த முதல் அமைச்சரவை அதுவே.

பிரான்சின் வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்று. அவையின் பெரும்பான்மை தலைவரைச் சார்ந்திருக்கும்வரை தலைமை அமைச்சர் அவர்க்கு அறிவுரைப்பவர். அது மாறியவுடன் தலைவரே அறிவுரைப்பவர் ஆகின்றார். இம்மாற்றம் அங்குப் பெரும்பாலும் தேர்தல் வாயிலாகவே நிகழ்ந்தது. தேர்தலின்றி அதனை நிகழ்த்த முயன்றால் விளைவது யாது என்பதற்கு இலங்கை சான்றாகின்றது.

5. இலங்கை: ஒரு சொல்லைச் சேர்த்தலும் நீக்கலும்

1948இல் விடுதலை பெற்ற இலங்கையில் மகா தேசாதிபதியும் பிரதம அமைச்சரும் ஆங்கில மரபைப் பின்பற்றினர். 1972இல் இலங்கை குடியரசாயிற்று. வில்லியம் கோபல்லாவ முதற் சனாதிபதியானார். அவரைப் பெயர் குறித்தவர் பிரதம அமைச்சரே. அவர் அறிவுரைவழி நடப்பதே சனாதிபதியின் கடமை. ஆறே ஆண்டுகளில் இந்நிலை முற்றும் மாறியது. 1977இல் பெருவெற்றி எய்திய செயவர்த்தனா, 1978இல் ஆட்சி அதிகாரம் வாய்ந்த சனாதிபதியானார். அவ்வாண்டுப் புதிய அமைப்பின்படி, சனாதிபதி தாம் தேவை எனக் கருதினால் மட்டும் பிரதம அமைச்சரைக் கலந்து பிற அமைச்சரை அமர்த்தலாம். பிரதம அமைச்சரையே தம் எழுத்தால் நீக்கவும் செய்யலாம். கட்டுப்படுத்தும் அறிவுரை ஒரே சட்டத்தால் விருப்பக் கலந்துரையாடலாகச் சுருங்கிற்று. 1982இல் தம் கட்சி உறுப்பினரிடம் நாள் குறிப்பிடாத விலகல் மடல்களைச் செயவர்த்தனா வாங்கி வைத்துக்கொண்டமையும், பொதுத்தேர்தலின்றி நாடாளுமன்றத்தின் காலத்தைப் பொதுவாக்கெடுப்பால் நீட்டித்தமையும் இவ்வதிகாரத்தின் அளவைக் காட்டும்.

மக்கள் நேரில் வாக்களிக்கும் தேர்தலில் சிறுபான்மையினரின் வாக்கும் வெற்றியை முடிவு செய்யக்கூடும் என்று இம்முறைக்கு ஆதரவு கூறுவார் உளர். 2015 சனவரியில் வடக்கு கிழக்குத் தமிழரின் வாக்குக்கள் சிறிசேனாவின் வெற்றிக்குப் பெருந்துணையாயின என்பது உண்மை. ஆகவே அக்கூற்றைப் புறக்கணித்தல் இயலாது. ஆயின் வாக்களிக்கும் ஒரு நாளில் பெறும் செல்வாக்கும், வென்றவரை இடையில் வினவும் உரிமையும் வேறு வேறு என்பதை அடுத்து நிகழ்ந்தவை காட்டின.

2015இல் நிறைவேறிய பத்தொன்பதாம் திருத்தம், பிரதம அமைச்சரின் அறிவுரைமீது பிற அமைச்சரை அமர்த்துமாறு மீண்டும் விதித்தது. நாலரை ஆண்டு முடியுமுன் நாடாளுமன்றத்தை அதன் மூன்றில் இரு பங்கினர் வேண்டாமல் கலைத்தலையும் தடுத்தது. எனினும் 2018 அக்டோபர் 26ஆம் நாள் சனாதிபதி சிறிசேனா பிரதம அமைச்சர் இரணில் விக்கிரமசிங்காவை நீக்கிவிட்டதாக அறிவித்து, மகிந்த இராசபட்சாவை அமர்த்தினார். நவம்பர் 9ஆம் நாள் நாடாளுமன்றத்தையும் கலைத்தார். இதனை எதிர்த்துத் தொடுக்கப்பெற்ற வழக்குக்களுள் முதன்மையானது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன் பெயரால் அமைந்தது. எழுவர் அடங்கிய உயர் நீதிமன்ற அமர்வு திசம்பர் 13ஆம் நாள், கலைப்புச் சட்டத்திற்கு மாறானது என ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. மூன்று நாட்களில் விக்கிரமசிங்கா மீண்டும் பதவியேற்றார். ஏறத்தாழ ஐம்பது நாட்கள் அந்நாட்டில் ஆள்பவர் யாவர் என்பதே வழக்காயிருந்தது. பின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் சனாதிபதியின் அதிகாரத்தை மீண்டும் பெருக்கியது; பொருளாதார வீழ்ச்சியால் எழுந்த மக்கள் கிளர்ச்சியின் நடுவே கோத்தபாய இராசபட்சா 2022 சூலையில் நாட்டைவிட்டுச் சென்று பதவி துறந்தார். அவ்வாண்டு அக்டோபரில் நிறைவேறிய திருத்தம் அதிகாரத்தை மீண்டும் ஓரளவு குறைத்தது.

6. இந்தியா: எழுதாத விதியும் எழுதிய விதியும்

இந்திய அரசியல் நிருணய சபையில் இவ்வினா விரிவாக ஆராயப்பெற்றது. 1948 நவம்பர் 4ஆம் நாள் அம்பேத்கர் வரைவினை முன்வைத்துப் பேசுகையில், பெயர் ஒத்திருப்பினும் இந்தியத் தலைவர் அமெரிக்கத் தலைவரைப் போன்றவர் அல்லர், ஆங்கில மன்னரின் நிலையினர் என விளக்கினார். அமெரிக்க முறையில் நிலைபேறும் ஆங்கில முறையில் பொறுப்பும் மிகுதி எனக் காட்டி, வரைவு பொறுப்பையே மேலாகக் கொண்டது என்றார். கே. டி. சா அதிகாரப் பிரிவினையை வேண்டிக் கொணர்ந்த திருத்தங்களைச் சபை ஏற்கவில்லை.

ஆயினும் ஒரு நுண்ணிய இடைவெளி இருந்தது. தலைவர்க்கு உதவவும் அறிவுரை கூறவும் ஓர் அமைச்சரவை இருக்கும் என்று 74ஆம் பிரிவு கூறியதேயன்றி, அவ்வறிவுரைக்கு அவர் கட்டுப்பட்டவர் என்று கூறவில்லை. அதனை மரபு நிரப்பும் எனச் சபையினர் நம்பினர். அந்நம்பிக்கை விரைவில் சோதனைக்குள்ளாயிற்று. 1951 செப்டம்பரில் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவின்மீது தம் சொந்த முடிவின்படி நடக்க விரும்புவதாகத் தலைவர் இராசேந்திர பிரசாத் பிரதமர் நேருவிற்கு எழுதினார். நேரு, தலைமை வழக்குரைஞர் செட்டல்வாடையும், சென்னையைச் சேர்ந்த சட்ட அறிஞரும் அரசியல் அமைப்பு வரைவுக் குழுவின் உறுப்பினருமாயிருந்த அல்லாடி கிருட்டிணசாமி ஐயரையும் கலந்தார். தலைவர் அமைச்சரவையின் அறிவுரைக்குக் கட்டுப்பட்டவரே என்பது இருவர் விடையும் ஆகும். பிரசாத் தம் கருத்தை வற்புறுத்தி மோதலை வளர்த்திலர். 1955இலும் 1956இலும் வந்த இந்துத் திருமணச் சட்டத்திற்கும் மரபுரிமைச் சட்டத்திற்கும் இசைவளித்தார். எனினும் ஐயம் அவர் உள்ளத்தை நீங்கவில்லை. 1960 நவம்பரில் இந்தியச் சட்டக் கழகத்தில் பேசுகையில் தலைவரின் அதிகாரங்களை ஆராயுமாறு அறிஞரை வேண்டினார். உச்ச நீதிமன்றமோ 1955இல் இராம் சவாயா கபூர் வழக்கிலும், 1974இல் சம்சேர் சிங் வழக்கிலும் தலைவர் அமைப்புமுறைத் தலைவரே எனத் தெளிவாக்கியது.

இங்ஙனம் அறிவுரை ஆணை என்பது உறுதியாயிற்று. ஆயின் அவ்வாணை எவர் வாயிலிருந்து வரவேண்டும் என்னும் வினா எழாதிருந்தது. 1975 சூன் 25ஆம் நாள் இரவு அவ்வினா எழுந்தது. அலுவல் விதிகளில் பிரதமர்க்கு இருந்த விலக்குரிமையைக் கொண்டு, அமைச்சரவையைக் கூட்டாமலே இந்திரா காந்தி அளித்த அறிவுரையின்மேல், தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலை அறிவிப்பில் ஒப்பமிட்டார். அமைச்சரவை மறுநாட் காலையிலேயே கூடிற்று. அமைச்சரவையின் முடிவு யாது எனத் தலைவர் ஒரு வினா வினவியிருப்பின் வரலாறு மாறியிருக்கும் என்று யாம் துணிந்து கூறோம். அவ்வினாவை எழுப்பும் கடமையை எந்தச் சட்டமும் அவர்மேல் அன்று சுமத்தியிருக்கவில்லை என்பதை மட்டும் சுட்டுகின்றோம். நாட்டு மக்களின் அடிப்படை உரிமைகள் முடங்கியமையும் தலைவர்கள் பலர் சிறைப்பட்டமையும் இவ்வோர் ஒப்பத்தின் பயனாம்.

1976இல் நாற்பத்திரண்டாம் திருத்தம் தலைவர் அறிவுரைப்படியே செயற்படுவார் என எழுத்தில் விதித்தது. எழுதாத விதி எழுதிய விதியாயிற்று. 1978இல் நாற்பத்துநான்காம் திருத்தம் இரு காவல்களைச் சேர்த்தது. நெருக்கடி நிலையை அறிவிக்க அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வரவேண்டும் என்பது ஒன்று. தலைவர் அறிவுரையை மீண்டும் ஆராயுமாறு ஒரு முறை திருப்பி அனுப்பலாம், மீண்டும் வந்தால் அதன்படி நடக்கவேண்டும் என்பது மற்றொன்று.

இரண்டாவது காவல் சிறிதெனத் தோன்றலாம். அதன் பயன் சிறிதன்று. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்திலும், 1998 செப்டம்பரில் பீகாரிலும் மாநில ஆட்சியை நீக்க அமைச்சரவை பரிந்துரைத்தபொழுது, தலைவர் கே. ஆர். நாராயணன் இரு முறையும் அவற்றைத் திருப்பி அனுப்பினார். முன்னையது கைவிடப்பட்டது, பின்னையது அப்போதைக்கு நிறுத்தப்பட்டது. 1999 பிப்பிரவரியில் பீகார் பற்றிய பரிந்துரை மீண்டும் வந்தபொழுது அவர் ஒப்பமிட்டார்; மாநிலங்களவையில் ஆதரவு கிட்டாமையால் அரசு அதனைத் திரும்பப் பெற்றது. மசோதாக்களைத் திருப்பும் உரிமை 111ஆம் பிரிவில் முன்னரே இருந்தது. தனியார் மடல்களைப் பிரிக்க அரசுக்கு இடந்தரும் அஞ்சல் திருத்த மசோதாவைச் செயில் சிங் முடிவு கூறாது வைத்திருந்தார். பின் வந்த இரா. வெங்கட்டராமன் 1990இல் அதனைத் திருப்பி அனுப்பினார், அது சட்டமாகவில்லை. ஆதாயப் பதவி பற்றிய மசோதாவை 2006 மே மாதத்தில் ஆ. ப. செ. அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அதனை மீண்டும் நிறைவேற்றவே, ஆகத்தில் ஒப்பமிட்டார். இவ்விருவரும் தமிழகம் ஈன்ற தலைவர்கள் என்பதை நினைவுகூர்தல் தகும்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை: தலைவர், தலைமை அமைச்சர் என்னும் பெயர்கள் அதிகாரத்தின் இருப்பிடத்தைக் காட்டா. ஒருவர் உரைப்பது அறிவுரையா ஆணையா என்பதை, அவரை நீக்க வல்லவர் யாவர், அவர் விடை கூறவேண்டியது யார்க்கு என்னும் இரு வினாக்களே காட்டும். அமெரிக்காவில் தலைவர் காலவரையறையால் காக்கப்பட்டு, இசைவு மறுக்கும் அவையால் அடக்கப்படுகின்றார். இங்கிலாந்தில் அமைச்சர் நாள்தோறும் அவைக்கு விடை கூறுகின்றார். பிரான்சில் தேர்தலின் முடிவு இருவருள் ஒருவரை உயர்த்துகின்றது. இலங்கையில் ஒரு திருத்தம் அறிவுரையை நீக்க, மற்றொன்று அதனை மீட்க, நீதிமன்றம் இடைநின்று காக்கவேண்டியதாயிற்று.

இந்தியாவின் நெறியோ தனித்தன்மை உடையது. அறிவுரையை ஆணையாக்கிய அதே சட்டம், தமிழ் மரபிலுள்ள பழைய அறிவுரையையும் வேறொரு வடிவில் மீட்டளித்துள்ளது. அமைச்சரவையின் அறிவுரை தலைவரைக் கட்டுப்படுத்தும். தலைவரின் அறிவுரை அமைச்சரவையை ஒரு முறை நின்று எண்ணச் செய்யும். முன்னையது பிரதமருடைய வலிமை. பின்னையதே குடியரசுத் தலைவர்க்கு எஞ்சிய செவியறிவுறூஉ. அதனைப் பயன்படுத்தாத தலைவர் சட்டத்தை மீறியவர் ஆகார். எனினும் சட்டம் தம்பால் எதிர்பார்த்ததைச் செய்தவரும் ஆகார்.

எம் மாணாக்கர் வினாவிற்கு விடை இது: தள்ளவியலாததை 'அறிவுரை' எனல் சொல்லின் நேர்பொருளால் பொருந்தாது, வரலாற்றால் வந்த வழக்கு அது. ஆங்கில மன்னரின் பெருமை குன்றாதவாறு ஆணையைப் பணிவு மொழியாற் போர்த்திய வழக்கு, மன்னரில்லாத நாடுகளுக்கும் மொழிபெயர்ப்பின்வழி வந்துவிட்டது. ஆட்சித்துறைக் கலைச்சொற்களை ஆக்குவோரும் பாடநூல் எழுதுவோரும், இச்சொல் வருமிடமெல்லாம் 'கட்டுப்படுத்தும் அறிவுரை', 'கட்டுப்படுத்தா அறிவுரை' எனப் பிரித்துக் காட்டுவாராயின், யாரை வினவவேண்டும் என்பதை இளங்குடிமக்கள் பிழையின்றி அறிவர். குடியாட்சியில் அதனினும் முதன்மையாக அறியவேண்டுவது பிறிதொன்று இல்லை என்க.